இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றுக்கும் கீழே: ஒரு தருக்கவியல் இதழின் எண்களைப் படிப்பது எப்படி?



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பேப்பரா போடலாம்னு கைடு சொன்னதும் கிளாஸ்ல எழும் முதல் கேள்வி என்ன? "எந்த ஜர்னல்? ஸ்கோபஸ்ல இருக்கா? இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" இதுதான். லிட்ரேச்சர் சர்வே எழுதும்போதும் இதே பழக்கம். எண் பெரிதாக இருந்தால் நல்ல இதழ், சிறிதாக இருந்தால் தள்ளிவிடலாம்.

அந்த எண் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியாமலேயே நாம் அதை நம்புகிறோம். அதனால் இந்த முறை ஒரே ஒரு ஆய்விதழை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். இதழின் பெயர் 'ஜர்னல் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்'. கணிதத் தருக்கவியலில் உலக அளவில் மதிப்புள்ள இதழ். ஆனால் இதன் இம்பாக்ட் ஃபேக்டர் பொதுவாக 1-க்குக் கீழேதான் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் நம்மில் யாரும் இதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். அப்படித் திறக்காமல் விட்டால் என்ன நஷ்டம்? அதையும் பார்ப்போம்.

முதலில் இதழைப் பற்றி

1936-ல் அமெரிக்காவில் 'அசோசியேஷன் ஃபார் சிம்பாலிக் லாஜிக்' என்ற சங்கம் தொடங்கப்பட்டது. அதே வருடம் அந்தச் சங்கம் தொடங்கிய இதழ் இது. ஆரம்பகால ஆசிரியர்களில் முக்கியமானவர் அலோன்சோ சர்ச். ஆமாம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் 'சர்ச்-டூரிங் தீசிஸ்' என்று படிக்கிறோமே, அதே சர்ச்தான். இதழின் விமர்சனப் பகுதியை 1979 வரை, அதாவது நாற்பது வருடங்களுக்கும் மேலாக, அவரே கவனித்தார். இப்போது சங்கத்தின் சார்பில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் இதை வெளியிடுகிறது.

முதல் தொகுதியிலேயே இரண்டு கட்டுரைகளைப் பாருங்கள். ஒன்று சர்ச் எழுதியது. ஒரு தருக்க வாக்கியத்தைக் கொடுத்தால் அது எப்போதும் உண்மையா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை கிடையாது என்று காட்டியது. அளவு இரண்டே பக்கம். இன்னொன்று எமில் போஸ்ட் எழுதியது, மூன்று பக்கம். வரிசையாக முடிவில்லாத பெட்டிகள். ஒரு தொழிலாளி ஒரு பெட்டியில் நிற்கிறார். அடையாளம் போடலாம், அழிக்கலாம், இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு பெட்டி நகரலாம். அவ்வளவுதான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம சிலபஸ்ல வர்ற டூரிங் மெஷின் மாதிரியேதான். டூரிங்கின் வேலை தெரியாமலேயே போஸ்ட் அதே யோசனைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இம்பாக்ட் ஃபேக்டர்: கணக்கு என்ன?

யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், ஆய்வுக்கட்டுரைகளின் மேற்கோள்களைத் தொகுத்து ஓர் அட்டவணை உருவாக்கலாம் என்று 1955-ல் யோசனை சொன்னார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இம்பாக்ட் ஃபேக்டர். நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவிய கருவி அது. ஒரு மாணவரையோ பேராசிரியரையோ மதிப்பிட அது செய்யப்படவே இல்லை.

கணக்கு ரொம்ப எளிது. 2024-க்கான எண் வேண்டுமா? அந்த இதழில் 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளை எடுங்கள். அவற்றை 2024-ல் மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுங்கள். அதை அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுங்கள்.

ஒரு கற்பனை இதழை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வருடத்தில் 150 கட்டுரைகள். மூன்றாம் வருடத்தில் அவற்றுக்கு 90 மேற்கோள்கள். 90-ஐ 150-ஆல் வகுத்தால் 0.6. முடிந்தது.

இப்போது இந்தச் சூத்திரத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு வருட ஜன்னல். இரண்டு, இது ஒரு சராசரி. மூன்று, மேற்கோள் எங்கிருந்து வந்தது, பாராட்டி வந்ததா திட்டி வந்ததா என்ற விவரம் எதுவும் இதில் இல்லை. மீதிக் கதை முழுவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே விழும் மேற்கோள்கள்

மல்டிமீட்டரை 200 வோல்ட் ரேஞ்சில் வைத்துச் சில மில்லிவோல்ட்டை அளந்தால் திரையில் பூஜ்யம்தான் தெரியும். மின்னழுத்தம் இல்லை என்று அர்த்தமா? ரேஞ்ச் தப்பு என்று அர்த்தம். கணிதத்துக்கு இரண்டு வருட ஜன்னல் அப்படிப்பட்ட ரேஞ்ச்தான்.

சர்வதேசக் கணித ஒன்றியமும் இன்னும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2008-ல் 'சைட்டேஷன் ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்ற அறிக்கையை வெளியிட்டன. நூறு கணித இதழ்களை வைத்துப் பார்த்தபோது, மேற்கோள்களில் சுமார் 90 சதவீதம் அந்த இரண்டு வருட ஜன்னலுக்கு வெளியே விழுகின்றன என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது பத்து மேற்கோளில் ஒன்பது கணக்கிலேயே வராது.

ஏன் இப்படி? ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை வரிக்கு வரி சரிபார்த்துப் படிக்கவே மாதக்கணக்கில் ஆகும். ரெஃப்ரீயும் அதே வேகத்தில்தான் படிப்பார். அதைப் படித்தவர் அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்டி, எழுதி, அனுப்பி, அது அச்சாவதற்குள் இரண்டு வருட ஜன்னல் மூடிவிடும். கூடவே, கணிதக் கட்டுரைகளில் ரெஃபரன்ஸ் பட்டியல் சின்னதாக இருக்கும். உயிரியல் கட்டுரைகளில் அது பல மடங்கு நீளம். ஒவ்வொரு கட்டுரையும் கொடுக்கும் மேற்கோளே குறைவு என்றால், வாங்கும் மேற்கோளும் குறைவாகத்தானே இருக்கும்? தருக்கவியலாளர்களின் கூட்டமும் சின்னது. ஆக, அந்த எண் பாதிக்குமேல் அளப்பது துறையின் பழக்கவழக்கத்தை.

இதற்கு மாற்றாகச் சில அளவைகள் இருக்கின்றன. மேத்சைநெட் தரும் 'மேத்தமேட்டிக்கல் சைட்டேஷன் கோஷன்ட்' ஐந்து வருட ஜன்னலை எடுத்துக்கொள்கிறது. 'சைட்டட் ஹாஃப்-லைஃப்' என்று இன்னொன்று. ஒரு வருடத்தில் இதழ் வாங்கும் மேற்கோள்களில் பாதி எத்தனை வருடப் பழைய கட்டுரைகளுக்குப் போகிறது என்று அது காட்டும். நம் தருக்கவியல் இதழுக்கு அது பத்து வருடத்தைத் தாண்டும். இம்பாக்ட் ஃபேக்டர் கூச்சப்பட வைக்கும் அதே இதழுக்கு, இந்த அளவு ரொம்ப மரியாதையான எண்.

திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது?

இப்போது எண்களை ஓரமாக வைத்துவிட்டுச் சில கட்டுரைகளைப் பின்தொடர்வோம்.

1940: சர்ச் 'சிம்பிள் தியரி ஆஃப் டைப்ஸ்' பற்றி எழுதினார். அப்போது அது தத்துவவாதிகளுக்கான விஷயம். 1980-களில் கேம்பிரிட்ஜில் மைக் கோர்டன், வன்பொருள் வடிவமைப்பு சரியா என்று நிரூபிக்க எச்.ஓ.எல். என்ற மென்பொருளை உருவாக்கினார். அதன் அடித்தளம் சர்ச்சின் அந்த டைப் தியரிதான். 1994-ல் இன்டெல் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழை வெளிவந்ததை ஆர்க்கிடெக்சர் கிளாஸில் கேட்டிருப்பீர்கள். இன்டெல்லுக்கு 475 மில்லியன் டாலர் செலவு வைத்த பிழை அது. பிறகு இன்டெல்லில் சேர்ந்த ஜான் ஹாரிசன், எச்.ஓ.எல். லைட் என்ற மென்பொருளால் மிதவைப்புள்ளிக் கணக்கீட்டு முறைகளை நிரூபித்துக் காட்டினார். 1940-ல் எழுதியதற்கு அரை நூற்றாண்டு கழித்துத் தொழிற்சாலையில் வேலை வந்தது. இரண்டு வருட ஜன்னலில் இது எங்கே தெரியும்?

1959: சால் கிரிப்கி மோடல் லாஜிக்குக்கு ஒரு முழுமைத் தேற்றத்தை இதே இதழில் வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அங்கே தொடங்கிய சிந்தனை வளர்ந்து, இன்று மாடல் செக்கிங்கில் 'கிரிப்கி ஸ்ட்ரக்சர்' என்ற பெயரில் நிற்கிறது. மாடல் செக்கிங்குக்காக கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும் 2007-க்கான டூரிங் விருது கிடைத்தது.

1979: ஸ்டீஃபன் குக், ராபர்ட் ரெக்கோ இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு வாக்கியம் எப்போதும் உண்மை என்பதற்கான நிரூபணம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? பி-என்.பி. பிரச்சினையின் இன்னொரு முகம் இது. 'ப்ரூஃப் காம்ப்ளக்ஸிட்டி' என்று ஒரு துறையே இதிலிருந்து வளர்ந்தது.

1985: அல்சூரோன், கார்டன்ஃபோர்ஸ், மேக்கின்சன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாம் நம்பும் விஷயங்களின் தொகுப்புக்கு முரணாக ஒரு புதுத் தகவல் வந்தால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஒரு சட்டத்தொகுப்பிலிருந்து ஒரு விதியை நீக்கினால் மீதி என்ன ஆகும் என்ற சட்டவியல் கேள்வியும் இதற்குப் பின்னால் இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவில் 'பிலீஃப் ரிவிஷன்' பற்றி எழுதுபவர்கள் இதைத் தொடாமல் போக முடியாது. ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் வந்திருக்கின்றன. ஆனால் இந்த வருடம் யாராவது அதை மேற்கோள் காட்டினால், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரில் எத்தனை கூடும்? பூஜ்யம்.

ஆய்வுப் போக்கு எப்படி மாறியது?

கணிதக் கட்டுரைகளுக்கு ஒரு வகைப்பாட்டு எண் உண்டு. 'மேத்தமேட்டிக்ஸ் சப்ஜெக்ட் கிளாசிஃபிகேஷன்', சுருக்கமா எம்.எஸ்.சி. (நம்ம எம்.எஸ்சி. பட்டம் இல்ல!) அதில் 03 என்பது கணிதத் தருக்கவியல். 03-சி மாடல் தியரி, 03-டி கம்ப்யூட்டபிலிட்டி, 03-இ செட் தியரி, 03-எஃப் ப்ரூஃப் தியரி. ஒரு தருக்கவியல் இதழில் போக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்க இந்த எண்களைப் பின்தொடர்ந்தாலே போதும்.

ஆரம்பத்தில் இந்த இதழ் தத்துவம், கணிதம், இன்னும் பெயரே வைக்காத கணினி அறிவியல் மூன்றுக்கும் பொதுவான வீடு. 1963-ல் பால் கோஹன் 'ஃபோர்சிங்' என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு செட் தியரி வேகமாக வளர்ந்தது. மார்லி, ஷேலா ஆகியோரின் வேலைக்குப் பிறகு மாடல் தியரி பெருகியது. இந்தப் பக்கம் கணினித் தருக்கம் தனிக்குடித்தனம் போய்விட்டது. 1986-ல் 'லாஜிக் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்ற மாநாடு தொடங்கியது. வேகமாக மேற்கோள் வாங்கக்கூடிய கட்டுரைகள் அங்கே போக ஆரம்பித்தன. சங்கமே 1995-ல் 'புல்லட்டின்', 2008-ல் 'ரிவ்யூ' என்று இன்னும் இரண்டு இதழ்களைத் தொடங்கியது. தத்துவம் சார்ந்தவற்றுக்கு அங்கே இடம் கிடைத்தது. மூல இதழில் மிச்சம் நின்றது ஆழமான, மெதுவான கணிதம். எண் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் தனித்தனியாகச் சம்பாதிக்கிறார்கள், வீட்டு வருமானம் மட்டும் குறைவாகத் தெரிகிறது.

மெதுவான கணிதம் என்றால் நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். மாடல் தியரியில் 'என்.ஐ.பி.' என்று ஒரு பண்பு, 1971-ல் ஷேலா கொண்டுவந்தது. மிஷின் லேர்னிங்கில் நாம் படிக்கும் வி.சி. டைமென்ஷன் முடிவுள்ளதாக இருப்பதும் அதுவும் ஒரே விஷயம்தான் என்று 1992-ல் லாஸ்கவ்ஸ்கி காட்டினார்.

ஒரு மாணவனின் பன்னிரண்டு பக்கம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், நமக்கு ரொம்ப நெருக்கமான கதை.

'ரிவர்ஸ் மேத்தமேட்டிக்ஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. வழக்கமாக அடிப்படை விதிகளிலிருந்து தேற்றத்துக்குப் போவோம். இங்கே தலைகீழ். தேற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குக் குறைந்தபட்சம் எந்த விதிகள் தேவை என்று தேடுவார்கள்.

ராம்சேயின் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில்லாத அளவு ஆட்கள் கூடிய ஒரு விருந்து. எந்த இருவரும் ஒன்று நண்பர்கள், இல்லையென்றால் அந்நியர்கள். அப்படியானால் முடிவில்லாத ஒரு கூட்டத்தைப் பிரித்தெடுக்கலாம். அதில் எல்லாரும் ஒருவருக்கொருவர் நண்பர்கள், அல்லது எல்லாரும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். இன்னொரு பக்கம் கோனிக் லெம்மாவின் எளிய வடிவம்: முடிவில்லாத பைனரி ட்ரீ ஒன்று இருந்தால், அதில் முடிவில்லாத ஒரு பாதை கண்டிப்பாக உண்டு. முதலாவதை வைத்து இரண்டாவதை நிரூபிக்க முடியுமா? 1990-களிலிருந்து நிபுணர்களுக்கே பிடிபடாத கேள்வி இது. சோலக், ஜோகுஷ், ஸ்லேமன் மூவரும் 2001-ல் இதே இதழில் எழுதிய நீண்ட கட்டுரையிலும் இது விடை தெரியாத கேள்வியாகவே நின்றது.

விடை கண்டுபிடித்தவர் சீனாவின் சாங்ஷா நகரில், மத்திய தெற்குப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த லியூ. விடை: முடியாது. 2012-ல் பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக ஜர்னல் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்கில் வந்தது. அவருக்கு 22 வயதிலேயே அந்தப் பல்கலைக்கழகம் பேராசிரியர் நிலைப் பதவி கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டுரை வந்த இதழின் எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால், அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? அவருடைய வேலையின் மதிப்பு அதைப் படித்துப் புரிந்துகொண்டவர்களால்தான் தெரிந்தது.

சராசரி செய்யும் வேலை

சூத்திரத்தின் இரண்டாவது பிரச்சினை சராசரி. 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற படிகவியல் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் சுமார் 2. அது 2009-ல் ஏறக்குறைய 50-க்குத் தாவியது. இதழ் ஒரே வருடத்தில் இருபத்தைந்து மடங்கு நல்லதாகிவிட்டதா? 2008-ல் ஷெல்ட்ரிக் என்பவர் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி எழுதிய ஒரே ஒரு கட்டுரையை, அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். அவ்வளவுதான் விஷயம்.

2008 அறிக்கையில் இன்னொரு உதாரணமும் உண்டு. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 'டிரான்சாக்ஷன்ஸ்' இதழின் எண், அதன் 'ப்ரொசீடிங்ஸ்' இதழைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் இரண்டிலும் ஏதோ ஒரு கட்டுரையை எடுத்தால், ப்ரொசீடிங்ஸ் கட்டுரை மேற்கோளில் குறையாமல் இருக்க வாய்ப்பு 62 சதவீதம்! பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பூஜ்யமோ ஒன்றோதான் இருக்கும் என்பதால் இப்படி வருகிறது. ப்ராபபிலிட்டி பேப்பரில் சராசரிக்கும் மீடியனுக்கும் வித்தியாசம் எழுதி மார்க் வாங்கினோமே, அதேதான் இது.

சின்ன எண்களை ஆட்டிவைப்பதும் சுலபம். நம் கற்பனை இதழில் 90 மேற்கோள்கள் இருந்தன. ஒரு சிறு குழு தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு இன்னும் 90 மேற்கோள் சேர்த்தால், 0.6 என்பது 1.2 ஆகிவிடும். வருடத்துக்குப் பல்லாயிரம் மேற்கோள் வாங்கும் மருத்துவ இதழில் அந்த 90 காணாமல் போய்விடும். இது வெறும் கற்பனை இல்லை. இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனமே, 2023-ல் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள் பட்டியலிலிருந்து கணிதத் துறையை முழுவதுமாக எடுத்துவிட்டது. மேற்கோள் குறைவான துறை என்பதால் எண்களைத் திரிப்பது எளிதாகிவிட்டது என்பதே காரணம்.

சரி, நாம என்ன செய்யணும்?

எண்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்து படியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

1. துறை விட்டுத் துறை ஒப்பிடாதீர்கள். தருக்கவியல் இதழைத் தருக்கவியல் இதழோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

2. ஜன்னல் எத்தனை வருடம் என்று கேளுங்கள். ஐந்து வருட எண், ஹாஃப்-லைஃப் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறும்.

3. லிட்ரேச்சர் சர்வேயில் 'கடைசி ஐந்து வருடம்' என்ற ஃபில்டரை ஒருமுறையாவது எடுத்துவிட்டுத் தேடுங்கள். உங்கள் தலைப்பின் வேர் 1940-லோ 1985-லோ இருக்கலாம்.

4. பேப்பர் அனுப்பும்முன் இதழின் ஆசிரியர் குழுவைப் பாருங்கள். அவர்கள் அந்தத் துறையில் உண்மையிலேயே எழுதியவர்களா? "ஏழே நாளில் பப்ளிகேஷன், அதிக இம்பாக்ட் ஃபேக்டர்" என்று மெயில் வந்தால், ஒரு நிரூபணத்தைச் சரிபார்க்க எத்தனை மாதம் ஆகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. இதழின் எண்ணைக் கட்டுரையின் மதிப்பெண்ணாக எடுக்காதீர்கள். 2012-ல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் உலகெங்கும் ஆய்வு நிறுவனங்களுக்குச் சொன்னதும் இதைத்தான்.

இந்தத் துறையில் மேலே படிக்க ஆசை வந்தால் ரொம்ப தூரம் போக வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்திலும் தருக்கத்தையும் கணினி அறிவியலையும் சேர்த்து ஆராய்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன ஹோம்வொர்க். 'இசட்பிமேத் ஓப்பன்' தளம் 2021-லிருந்து எல்லாருக்கும் இலவசம். அதில் சர்ச்சின் 1940 கட்டுரையைத் தேடி, கடந்த சில வருடங்களில் அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். அவர்களில் எத்தனை பேர் கணிதத் துறை, எத்தனை பேர் கணினித் துறை என்று பிரித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். முடித்துவிட்டு உங்கள் ப்ராஜெக்ட் தலைப்புக்கும் இதையே செய்து பாருங்கள். அடுத்த ரிவ்யூவில் "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்று கேட்டால், எண்ணோடு சேர்த்து அந்த எண்ணின் கதையையும் சொல்ல உங்களால் முடியும்.